வாசலில் கேட்கும் கேள்வி: குழந்தைக் காப்பகம் நடத்துவோருக்கு இணையத் தனியுரிமை ஓர் அறிமுகம்

மதியம் 3.40. காப்பகத்தின் வாட்ஸ்அப்புக்கு ஒரு மெசேஜ்: "மிஸ், ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். இன்னிக்கு என் தம்பி வருவான், பாப்பாவ அனுப்பிடுங்க." டிபியில் அம்மாவின் முகம் இருக்கிறது. நம்பர் மட்டும் புதிது. அனுபவமுள்ள எந்த ஆயாம்மாவும் இந்த இடத்தில் நிதானிப்பார். வந்திருப்பது யார், இவரிடம் கொடுக்கச் சொன்னது யார் என்று தெரியாமல் கேட்டைத் திறக்க மாட்டார்.

ஆனால் மெசேஜ் போலி என்றால், அம்மாவின் போட்டோ அதை அனுப்பிய ஆளுக்கு எப்படிக் கிடைத்தது? பாப்பாவுக்கு ஒரு மாமா இருப்பதும், 4 மணிக்கு பிக்கப் என்பதும் எப்படித் தெரிந்தது? தேடிக்கொண்டே போனால் பல நேரம் பெற்றோர் குரூப்பிலோ, காப்பகத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலோ வந்து நிற்கும்.

காலையில் பெற்றோர் நம்மிடம் ஒப்படைப்பது குழந்தையை மட்டுமா? அதன் பெயர், பிறந்த தேதி, முகம், வீட்டு விலாசம், எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, யார் எத்தனை மணிக்கு வந்து அழைத்துப் போவார்கள் எல்லாமே சேர்ந்துதான் வருகிறது. குழந்தையை யாரிடம் கொடுக்கிறோம் என்று வாசலில் கேட்கிற அதே கேள்வியை இந்த விவரங்கள் ஒவ்வொன்றுக்கும் கேட்பதுதான் தனியுரிமை. வீட்டில் நாலு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கும், நாற்பது பேர் வருகிற பிளே ஸ்கூலுக்கும், அங்கன்வாடி டீச்சருக்கும் இது பொருந்தும்.

வாங்காத தகவல் தொலையாது

அட்மிஷன் ஃபாரத்தை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இது எதற்கு?" என்று எழுதிப் பாருங்கள். அலர்ஜி, மருந்து, டாக்டர் நம்பர், அவசரத்துக்கு இரண்டு போன் எண்கள், பிக்கப்புக்கு வரக்கூடியவர்களின் பெயர் ஆகியவை கட்டாயம் வேண்டும். பெற்றோரின் சம்பளம், சாதி, பான் எண் எதற்கு? பக்கத்துப் பள்ளியின் ஃபாரத்தை அப்படியே டைப் செய்ததால் வந்து சேர்ந்த வரிகள் இவை. அடித்துவிடலாம்.

ஆதார் நகல் உண்மையிலேயே தேவைப்பட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்தில் டவுன்லோடு செய்து தரச் சொல்லுங்கள். வயதைச் சரிபார்க்க மட்டும்தான் என்றால், பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கையோடு திருப்பிக் கொடுத்தால் போதும். "பார்த்தேன்" என்று ஃபாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜெராக்ஸ் கடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிரிண்ட் வேண்டும் என்று பத்துக் குழந்தைகளின் ஆதாரையும் போட்டோவையும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம். பிரிண்ட் கைக்கு வந்துவிடும். ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரிலேயே கிடக்கும். அடுத்து வருகிறவர் தன் ஃபைலைத் தேடும்போது அதுவும் கண்ணில் படும். பென் டிரைவில் கொண்டுபோய், அதிலிருந்தே பிரிண்ட் எடுத்து, கழற்றிக்கொண்டு வாருங்கள். மாதம் முப்பது பக்கத்துக்கு மேல் பிரிண்ட் எடுப்பவர்கள் சொந்தமாக ஒரு சின்ன பிரிண்டர் வாங்கிவிடுவது நல்லது.

பழைய ஃபாரங்களைக் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். அங்கிருந்து அவை பஜ்ஜி மடிக்கவும் போகலாம். கிழித்து, ஒரு ராத்திரி பக்கெட் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிட்டால் யாராலும் படிக்க முடியாது.

கூகுள் ஃபாரத்தில் விவரம் வாங்குபவர்கள் இரண்டு இடங்களைச் சோதிக்க வேண்டும். பதில்களின் தொகுப்பைப் பதிலளிப்பவர்களுக்குக் காட்டும் வசதி ஆன் ஆகியிருந்தால், ஒரு அம்மா எழுதியது அடுத்த அம்மாவுக்குத் தெரியும். பதில்கள் சேரும் ஷீட் "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று இருந்தால், லிங்க் எங்கெங்கே போகிறதோ அங்கெல்லாம் மொத்தப் பட்டியலும் போகும்.

பெற்றோர் குரூப்

வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய போன் நம்பரும் தெரியும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். பிரிந்து வாழும் கணவரிடம் நம்பரை மறைத்து வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்குச் சிறிய விஷயம் இல்லை. அறிவிப்பு மட்டும் அனுப்புவதற்கு பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. உங்கள் நம்பரை சேவ் செய்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும் என்பது இதில் உள்ள சிக்கல். "மெசேஜே வரல மிஸ்" என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். அட்மிஷன் அன்றே, உங்கள் எதிரில் நம்பரை சேவ் செய்ய வைத்துவிடுங்கள்.

குரூப்தான் வேண்டும் என்றால், அட்மின் மட்டும் மெசேஜ் போடலாம், புதிதாகச் சேர்பவர்களை அட்மின் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு செட்டிங்குகளையும் ஆன் செய்யுங்கள். அழைப்பு லிங்க்கை எங்கும் ஒட்டாதீர்கள். 2025இல் வந்த அட்வான்ஸ்டு சாட் பிரைவசி என்ற வசதியை ஆன் செய்தால், குரூப்பின் மொத்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்ய முடியாது. போட்டோக்கள் தானாக எல்லோருடைய கேலரியிலும் இறங்காது. ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது. அதனால் குரூப்பில் போடுவதெல்லாம் வெளியே போகக்கூடியதுதான் என்று எண்ணியே போடுங்கள்.

குழந்தை காப்பகத்தை விட்டு நின்றதும் அந்தப் பெற்றோரை வணக்கம் சொல்லி குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். வேலையை விட்டுப் போன டீச்சர் இன்னும் அட்மினாக இருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

குரூப்பில் ஒருபோதும் போடக்கூடாதவையும் உண்டு. "இன்னிக்கு கவின் மூணு தடவை பேன்ட்ல போயிட்டான்", "ஃபீஸ் கட்டாதவர்கள் பட்டியல்", "யாழினிக்குப் பேன் இருக்கு, எல்லாரும் செக் பண்ணுங்க". கடைசிச் செய்தியின் நோக்கம் நல்லதுதான். "வகுப்பில் பேன் தொல்லை இருக்கிறது, இன்று எல்லோரும் தலை பாருங்கள்" என்று பெயரில்லாமல் எழுதினாலே அந்த வேலை நடந்துவிடும்.

போட்டோ

பெரும்பாலான காப்பகங்கள் இடறும் இடம் இதுதான். ஒரு பிறந்தநாள் படத்தை எடுத்துக்கொள்வோம். கேக் மேல் "ஹேப்பி பர்த்டே மித்ரன்", அதில் 3 என்ற மெழுகுவர்த்தி. பின்னால் காப்பகத்தின் பெயர்ப் பலகை. குழந்தையின் கழுத்தில் ஐடி கார்டு. அதில் வீட்டு போன் நம்பரும் ரத்த வகையும். ஜன்னலுக்கு வெளியே வேனின் நம்பர் பிளேட். படம் போட்ட தேதி அன்றையது. முன்பின் தெரியாத ஒருவர் இந்த ஒரு படத்திலிருந்து குழந்தையின் பெயர், முழுப் பிறந்த தேதி, தினமும் எங்கே இருக்கும், எந்த வண்டியில் போகும், யாருக்குப் போன் செய்யலாம் என்பது வரை எடுத்துவிடலாம். போட்டவர் அன்போடுதான் போட்டார்.

அதனால் போட்டோ எடுக்குமுன் ஐடி கார்டைக் கழற்றுங்கள், அல்லது சட்டைக்குள் விடுங்கள். பெயர்ப் பலகை தெரியாத சுவரைத் தேர்ந்தெடுங்கள். வெளியில் காட்டும் படங்களுக்கு முகமே தேவையில்லை. களிமண் உருட்டும் கைகள், வரிசையாகக் கழற்றிவைத்த குட்டிச் செருப்புகள், முதுகுப்பக்கமிருந்து எடுத்த கதை நேரம் எல்லாம் காப்பகத்தின் அழகைச் சொல்லிவிடும். முகப் படங்களைவிட நன்றாகவே இருக்கும் என்பது எங்கள் கருத்து. தண்ணீரில் விளையாடும்போதும், உடை மாற்றும்போதும், தூங்கும்போதும் எடுக்கவே வேண்டாம்.

முகத்தை மறைப்பதாக இருந்தால் முழுதும் மூடும் ஸ்டிக்கரை வைத்து, படத்தைப் புதிதாக சேவ் செய்து, அந்தப் புதிய படத்தை மட்டும் அனுப்புங்கள். ஹைலைட்டர் மாதிரி லேசாகத் தெரியும் பேனாவால் கிறுக்கினால், வெளிச்சத்தைக் கூட்டி அடியில் இருப்பதைப் பார்த்துவிட முடியும். கேன்வாவில் ஸ்டிக்கர் வைத்துவிட்டு, திருத்தக்கூடிய லிங்க்கை அனுப்பினால், வாங்குபவர் ஸ்டிக்கரை நகர்த்திவிடலாம்.

போன் கேமராவின் செட்டிங்கில் லொகேஷன் டேக் என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது அது நீங்கிவிடும். "கிளாரிட்டி குறையக் கூடாது" என்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேமராவிலேயே ஆஃப் செய்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

யாருடைய போனில் எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். டீச்சர் தன் சொந்தப் போனில் எடுத்தால் படங்கள் அவருடைய கூகுள் போட்டோஸுக்குப் போய்விடலாம். அதே கூகுள் கணக்கு அவர் வீட்டில் இன்னொருவர் போனிலும் இருந்தால் அங்கேயும் தெரியும். காப்பகத்துக்கென்று ஒரு போன், ஒரு சிம், ஒரு தனி கூகுள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும். இரவில் அது காப்பகத்திலேயே, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். *#06# என்று டயல் செய்தால் வரும் ஐஎம்இஐ எண்ணை (அந்த போனின் அடையாள எண்) நோட்டில் எழுதிவையுங்கள். போன் தொலைந்தால், போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க இந்த எண் வேண்டும்.

சம்மதக் கடிதத்தில் "போட்டோ எடுக்கச் சம்மதம்" என்று ஒரே வரி இருந்தால் அது பாதிச் சம்மதம்தான். நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள்: என் குழந்தையின் படம் எனக்கு மட்டும், பெற்றோர் குரூப்பில், காப்பகச் சுவரில், பொது இணையத்தில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை. வேண்டாம் என்றவர்களிடம் காரணம் கேட்காதீர்கள். அந்தக் குழந்தையை ஓரமாக நிறுத்திவிட்டு குரூப் போட்டோ எடுப்பது தண்டனை மாதிரி ஆகிவிடும். எல்லோரையும் வைத்து ஒன்று எடுத்து அச்சில் கொடுங்கள், இணையத்துக்கு முகம் தெரியாத படத்தைப் போடுங்கள்.

கேமரா

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் பதிவான காட்சிகள் யூடியூப், டெலிகிராம் வழியாக விலைக்குப் போனது வெளியே வந்தது. அங்கிருந்த கேமராவின் பாஸ்வேர்டு "அட்மின்123" என்று செய்திகள் வந்தன. நம் காப்பகங்களில் கேமரா மாட்டிக் கொடுப்பவரும் இதே மாதிரி ஒன்றைத்தான் வைத்துவிட்டுப் போகிறார். அவர் மாட்டிய எல்லா இடத்துக்கும் அதே பாஸ்வேர்டாகக்கூட இருக்கலாம்.

மாட்டி முடித்த அன்றே, அவர் கிளம்புமுன், பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். 12 எழுத்துக்குக் குறையாமல், தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து வைத்தால் நினைவில் நிற்கும். பதிவுப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரை மறையுங்கள். ஆப்பில் அந்தப் பெட்டியைச் சேர்ப்பதற்கான எண் அதில்தான் இருக்கும். மாட்டியவரின் போனில் உங்கள் கேமரா தெரிகிறதா என்று கேட்டு, தெரிந்தால் எடுக்கச் சொல்லுங்கள். வாசல், விளையாட்டு அறை, நடைபாதை, சமையலறைக் கதவு போதும். டயப்பர் மாற்றும் இடம், கழிவறை, உடை மாற்றும் மூலை எதுவும் கேமராவின் பார்வைக்குள் வரவே கூடாது. 30 நாள் பதிவு தாராளம். அதற்குமேல் பழையது தானாக அழியும்படி வையுங்கள்.

பெற்றோருக்கு லைவ் காட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். தன் குழந்தையைப் பார்க்க ஒரு அம்மாவுக்குக் கொடுக்கும் லைவில் மற்ற 19 குழந்தைகளும் தெரிவார்கள். லாகின் விவரம் தாத்தாவுக்கும் சித்திக்கும் போகும். லைவைத் தவிர்க்கத்தான் நாங்கள் சொல்வோம். ஏதாவது சந்தேகம் என்றால் நேரில் வந்து, உங்கள் முன்னால் பதிவைப் பார்க்கட்டும்.

பிக்கப்பும் திருடப்பட்ட வாட்ஸ்அப்பும்

முதலில் பார்த்த மெசேஜுக்கு வருவோம். பிக்கப் மாற்றம் மெசேஜில் வந்தால், அட்மிஷன் ஃபாரத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்கள் கூப்பிட்டுப் பேசுங்கள். மெசேஜ் வந்த நம்பருக்குக் கூப்பிட்டால் அதே ஆள்தான் எடுப்பார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அடையாளச் சொல் வைத்திருங்கள்: "பலாக்கொட்டை", "தூக்குச்சட்டி" மாதிரி, குழந்தையோடு தொடர்பில்லாத ஒன்று. வருகிறவர் அதைச் சொல்ல வேண்டும். ஒருமுறை பயன்பட்டதும் மாற்றிவிடுங்கள். சொற்களின் பட்டியல் நோட்டில் இருக்கட்டும், போனில் வேண்டாம். இப்போது செயற்கை நுண்ணறிவால் குரலையும் போலி செய்கிறார்கள். அடையாளச் சொல் அங்கேயும் கைகொடுக்கும்.

உங்கள் வாட்ஸ்அப்பே திருடப்பட்டால், திருடன் கையில் எல்லாப் பெற்றோரின் நம்பிக்கையும் போய்விடும். "இந்த மாத ஃபீஸை இந்த கியூஆரில் போடுங்கள்" என்று உங்கள் பெயரிலேயே செய்தி போகும். கணக்கு போகும் வழிகள் மூன்றுதான் அதிகம். யாராவது ஓடிபி கேட்டு வாங்குவார்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வரும். அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்ததும் போன் அவர்கள் வசம். மூன்றாவது, கூரியர் என்று சொல்லி *21* மாதிரி ஒரு குறியீட்டில் தொடங்கி ஒரு 10 இலக்க எண்ணை டயல் செய்யச் சொல்வார்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும், ஓடிபியை அழைப்பு வழியாக வாங்கிக்கொள்வார்கள். ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் செட்டிங்கில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்குப் போய் 6 இலக்க பின் வையுங்கள். லிங்க்டு டிவைசஸ் பகுதியில் உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள். கணக்கு ஏற்கெனவே போய்விட்டது என்றால், உங்கள் போனில் அதே நம்பரை மறுபடி பதிவு செய்து எஸ்எம்எஸ் குறியீட்டைப் போடுங்கள். அந்தக் கணத்தில் திருடன் வெளியே போய்விடுவான். அவன் ஒரு பின் வைத்திருந்தால், அது இல்லாமல் உள்ளே நுழைய நீங்கள் 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த 7 நாளும் அவனும் உள்ளே வர முடியாது. பெற்றோருக்கு உடனே சாதாரண அழைப்பில் தகவல் சொல்லுங்கள்.

ஆப்பும் சட்டமும்

வருகைப்பதிவு, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்யும் ஆப்கள் நிறைய வந்துவிட்டன. 2025 செப்டம்பரில் லண்டன் பகுதியில் மழலையர் காப்பகங்கள் நடத்தும் கிடோ நிறுவனத்திடமிருந்து சுமார் 8,000 குழந்தைகளின் பெயர், படம், விலாசம் திருடப்பட்டன. திருடியவர்கள் சில குழந்தைகளின் விவரங்களை டார்க் வெப்பில் (சாதாரணத் தேடலில் வராத மறைவான இணையப் பகுதி) போட்டுப் பணம் கேட்டார்கள். சில பெற்றோருக்கு நேரடியாகப் போன் செய்து மிரட்டினார்கள். ஆப் வாங்குமுன் விற்பவரிடம் கேளுங்கள்: பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்குமா? குழந்தை நின்றுவிட்டால் பதிவை முழுதாக அழிக்க முடியுமா? ஆயாம்மாவுக்கும் உரிமையாளருக்கும் வேறு வேறு அளவில் பார்வை கொடுக்க முடியுமா? தெளிவான பதில் வராவிட்டால் நோட்டுப் புத்தகமே மேல்.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. 18 வயதுக்குக் கீழ் உள்ள அனைவரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். அவர்களின் தகவலைக் கையாள, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. காப்பகங்களுக்கு ஒரு விலக்கு உண்டு: குழந்தையின் பாதுகாப்புக்காகக் கண்காணிக்கலாம், வேன் போகும்போது இருப்பிடத்தையும் பார்க்கலாம். அந்த விலக்கு பாதுகாப்புக்கு மட்டும்தான். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். ஆப் நிறுவனத்தின் கையில் தகவல் கசிந்தாலும், பெற்றோரிடம் வாங்கியவர் என்ற பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது.

ஏதாவது நடந்துவிட்டால்

படம் தவறான இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும், முதலில் அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே. அழிப்பதற்கு முன்னால் லிங்க், கணக்கின் பெயர், நேரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பிறகு அந்தத் தளத்திலேயே புகார் செய்யுங்கள். பண மோசடி நடந்திருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

ஆபாசமான குழந்தைப் படம் ஏதாவது உங்கள் போனுக்கு வந்தால், "போலீஸுக்குக் காட்ட", "எல்லோரையும் எச்சரிக்க" என்றுகூட யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்காதீர்கள். அப்படிப்பட்டதை வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அனுப்பியவரின் நம்பரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு உடனே போலீஸில் தெரிவியுங்கள். அடுத்து செய்ய வேண்டியதை அவர்கள் சொல்வார்கள்.

ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், அதை வீடியோ எடுக்க வேண்டாம், மறுபடி மறுபடி கேட்க வேண்டாம், எந்த குரூப்பிலும் எழுத வேண்டாம். குழந்தை சொன்ன சொற்களை அதே சொற்களில், தேதியும் நேரமும் போட்டு, ஒரு தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. தெரிந்தும் மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். பெயரை விட்டுவிட்டு "நம்ம யூகேஜி பையன், அந்த மெக்கானிக் மகன்" என்று எழுதினாலும் அடையாளம் அடையாளம்தான். எப்படிப் பேசுவது, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கை நடுங்கினால் 1098க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் என்றாலும் அவர்களைப் பார்த்துக்கொள்கிற நீங்களும் அழைக்கலாம். இரவு எந்த நேரத்திலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. அந்த எண்ணை அடுப்படிச் சுவரிலும், காப்பகப் போனின் பின்பக்கத்திலும் எழுதி ஒட்டிவையுங்கள்.